பழைய காருக்கு சீற் கவரோ? ஓட்டோ சீற் தைக்கிறவரிட்ட போங்கோ

கிளிநொச்சியில கார் சாமான் விக்கிற கடையொண்டில போய் சீற் கவர் இருக்கோ எண்டு கேட்டா முதல் வாற கேள்வி "அக்சியோவா, வகன் ஆரா?" எண்டதுதான். ஒஸ்ரின் ஏ40 சோமசெற் எண்டு சொன்னன். நிண்ட பெடியன் ஃபோனில தேடி படத்தைப் பாத்திட்டு "அண்ணை இது கல்யாண வீட்டுக்கு பூமாலை கட்டி ஓடுற காரெல்லோ" எண்டு சிரிச்சான். அவனில பிழை சொல்ல ஏலாது. அந்தக் கார் 1952 துடக்கம் 1954 வரைக்கும்தான் இங்கிலாந்தில செய்தவங்கள், அவன்ர அப்பா பிறக்க முந்தியே அந்த மொடலை நிப்பாட்டிப் போட்டாங்கள், பேந்து எப்பிடி அவன் அதுக்குக் கவர் வச்சிருப்பான்.

கடையில தொங்குற கவர் எல்லாம் இப்பத்தைய காருக்கு அளவெடுத்தது. முன்னுக்கு தனித்தனியா ரண்டு சீற், மேல தலை சாய்க்கிற துண்டு, பக்கத்தில பெல்ற் வாற ஓட்டை. எந்தக் காருக்கும் பொருந்தும் எண்டு பையில போட்டு விக்கிறதும் அதே கணக்குத்தான், கீழ ஒரு இலாஸ்ரிக் மட்டும் கூட. எங்கட காரில தலை சாய்க்க ஒண்டும் இல்லை, கியர் ஸ்ரியறிங்குக்குக் கீழ இருக்கு, அதால முன் சீற் பிரியாம கதவில இருந்து கதவு மட்டும் ஒரே வாங்கு. அதுக்கு மேல அந்தக் கவரை இழுத்துப் போட்டா நடுவில சுருங்கி, ரண்டு பேர் ஏறி இறங்க முதலே பின்பக்கம் கழண்டு வந்திடும். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லுறன் எண்டா, பழைய கார் வச்சிருக்கிற கனபேர் முதல்ல காசைக் கொட்டுறது இந்தப் பை கவருக்குத்தான், மலிவு எண்டு நினைச்சு.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். இது என்ர மாமாவின்ர கார், மனிசியின்ர தகப்பன். வன்னியில ஹயர் ஓடின கார். ஆஸ்பத்திரிக்கு, கலியாணத்துக்கு, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எண்டு ஓடாத ஓட்டம் இல்லை, நெல்லு மூட்டையும் ஏத்தினவர், மாமி இல்லையெண்டு சொல்லுவா, சீற்றைக் கழட்டேக்க ஆர் சொன்னது உண்மை எண்டு தெரிஞ்சுது, அதைப் பேந்து சொல்லுறன். சண்டை நேரத்துப் பெற்றோல் தடை காலத்தில மண்ணெண்ணெயிலதான் ஓட்டம், ஸ்ராட் எடுக்க மட்டும் சூப்பிப் போத்தலில சொட்டுப் பெற்றோல். 2006 ஆகஸ்டில ஏ9 பூட்டுப்படேக்க கார் வவுனியாவில ஒரு சொந்தக்காரர் வீட்டில நிண்டது, றோட் பூட்டினதால அங்கயே நிண்டிட்டுது. அப்பிடி நிண்டதாலதான் கார் எண்டு ஒண்டு இப்ப இருக்கு. இங்கால கொண்டுவந்திருந்தா 2009ல கடைசிச் சண்டைக்குள்ள சனம் கடற்கரை மட்டும் இழுத்துக்கொண்டு போன மற்ற வாகனங்களோட சேந்து அதுவும் துருவேறி குவியலில கிடந்திருக்கும். நம்பர் பிளேற்றும் 1957ல சிங்கள ஸ்ரீ எழுத்து வர முந்தின இங்கிலிஷ் எழுத்து நம்பர், அதில மாமாவுக்கு ஒரு தனிப் பெருமை, அந்த ஸ்ரீயை எதிர்த்து தார் பூசின காலத்தில தன்ர காருக்கு ஒருத்தரும் கிட்ட வரேல்லையாம். அவர் அப்ப அந்தக் காரை வாங்கவே இல்லை, அது வேற கதை.

2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு ஓடுற எந்தப் பழைய வாகனத்துக்கும் விலை ஏறிப் போச்சு. அந்த நேரந்தான் தெற்கில இருந்து பழைய கார் தேடி ஆக்கள் வந்து வந்து கேட்டவை, மாமா குடுக்கேல்லை. குடுக்காத கார் சும்மா நிண்டு என்ன செய்யிறது, கலியாணங்களுக்கு விடுவம் எண்டு நினைச்சம். எஞ்சின் ஓடுது, பெயின்ற் பரவாயில்லை, சீற் மட்டும் பொம்பிளை மாப்பிள்ளை இருக்கிற நிலையில இல்லை. காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வாற பிள்ளையை கிழிஞ்ச றெக்சினில இருத்த ஏலுமே.

முதல்ல யோசிச்சது இங்கிலாந்தில இருந்து எடுப்பிக்கிறது. அங்க பழைய ஒஸ்ரின், மொறிஸ் காருகளுக்கு பழைய அளவிலயே தைச்ச கவர் செற்றா விக்கிறவை இருக்கினம், தோலும் இருக்கு றெக்சினும் இருக்கு. லண்டனில இருக்கிற மச்சான் விசாரிச்சுச் சொன்ன விலை பவுண்ஸில கேட்க பரவாயில்லை மாதிரி, ரூபாயில பெருக்கினா நெஞ்சு இடிக்கும். 2022ல மாச்சில 200 ரூபாயளவில நிண்ட டொலர் மே மாசம் 360 ரூபாய்க்குப் போனதெல்லோ, பவுண்ஸும் அப்பிடித்தான், அதுக்கு மேல கப்பல் காசு, வரி. மச்சான் தான் வாங்கித் தாறன் எண்டவன், நான் வேண்டாம் எண்டிட்டன். காசு மட்டும் காரணமில்லை. தோல் எங்கட வெக்கைக்கு ஒத்துவராது. மாதாமாதம் எண்ணெய் மாதிரி ஒண்டு பூசிப் பராமரிக்க வேணும், விட்டா சித்திரை வெயிலுக்கு வெடிக்கும், மாரியில பூஞ்சணம் பிடிக்கும். குளிர் ஊருக்கு தோல் சரி, பரந்தன் புழுதிக்கு அது சரிவராது.

யாழ்ப்பாணத்தில ஒரு குஷன் கடைக்கும் போனனான். நல்ல வேலைக்காரர்தான், நான் குறை சொல்லேல்லை, ஆனா அவர் புதுக் காருக்கு தைச்சுத் தைச்சு கை அப்பிடியே பழகிப் போச்சு. உள்ள இருக்கிறதெல்லாத்தையும் எறிஞ்சிட்டு முழுக்க ஸ்பொஞ் போடுவம், மேல டயமண்ட் தையல் போடுவம், நடுவில கை வைக்கிற பெட்டி ஒண்டும் செய்யலாம் எண்டார். ஏ40க்கு டயமண்ட் தையல்! விலையைச் சொன்னவுடன யோசிச்சுச் சொல்லுறன் எண்டிட்டு பஸ் ஏறிட்டன்.

பேந்துதான் நான் இந்தக் கட்டுரையில சொல்ல வந்த விசயம் நடந்தது. என்ர பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோ ஓடுறவர், அவர்தான் சொன்னார், உதுக்கேன் இவ்வளவு அலையிறீர், ஓட்டோ சீற் தைக்கிற ஐயாட்டக் கொண்டுபோம் எண்டு. எனக்கு முதல் சிரிப்பாத்தான் இருந்தது. பேந்து யோசிச்சுப் பாத்தா அதில ஒரு நியாயம் இருக்கு. ஓட்டோவின்ர பின் சீற் என்ன, ஒரே வாங்குதானே. தனி மூண்டு பேருக்கெண்டு செய்தது, ஐஞ்சு பேர் இருப்பினம், ரண்டு பக்கமும் திறந்தபடி, வெயில் நேர அடிக்கும், மழைச் சாரல் அடிக்கும், மீன் பெட்டி ஏறும், உரப்பை ஏறும். எங்கட ஊரில ஆகக் கூட அடிபடுற சீற் அதுதான். அதைத் தைச்சுக் குடுத்து, ஆறு மாசத்தில கிழிஞ்சா ஏச்சு வாங்கிற மனிசனுக்குத்தான் எந்த றெக்சின் நிக்கும் எந்த நூல் அறும் எண்டு தெரியும். புதுக் கார் கடைக்காரருக்கு அந்த அனுபவம் வர வழியில்லை, அவர் தைச்ச சீற்றில ஏசி போட்டு ஒராள் இருந்து ஒஃபிசுக்குப் போவார்.

ஐயாவின்ர கடை எண்டா கடையில்லை, றோட்டுக் கரையில தகரக் கொட்டில், ஒரு கனமான பழைய தையல் மெசின், மேல ஓட்டோக் கூடாரத் துண்டுகள் தொங்குது. காரைப் பாக்கவே இல்லை அந்த மனிசன். "தம்பி, சீற்றைக் கழட்டிக்கொண்டு வாரும், ஆனா பழைய கவரைக் கிழிச்சு எறிஞ்சு போடாதையும்" எண்டார். இது முக்கியம். கனபேர் கழட்டேக்க பழசைப் பிச்சு எறிஞ்சிட்டு வெறும் ஸ்பிறிங்கைக் கொண்டுபோறவை, பேந்து தைக்கிறவர் நாடா பிடிச்சு ஊகிச்சுத்தான் வெட்டவேணும், அங்கதான் காசும் துணியும் போறது. பழைய கவர் எவ்வளவு கிழிஞ்சிருந்தாலும் அதுதான் அளவு.

சீற்றை அவருக்கு முன்னாலதான் உரிச்சது. ஆக மேல மாமி போட்ட துவாய். அதுக்குக் கீழ நீலத் தரப்பாள், நிவாரணத்துக்குக் குடுத்த தரப்பாளில வெட்டினது, ஓரம் எல்லாம் கையால தைச்சு, நல்ல தையல், ஐயாவே திருப்பித் திருப்பிப் பாத்தார். அதுக்குக் கீழ உரப்பை விரிச்சு, அதுக்குக் கீழ சிவப்பு றெக்சின் வெடிச்சு பாளம் பாளமா. றெக்சினை உரிக்க ஸ்பிறிங் சட்டத்தோட கிடந்த மடிப்புக்குள்ள மட்டும் ரண்டு விரல் அகலத்துக்கு பழைய தோல், கபில நிறம், வெயில் படாததால இன்னும் மெத்தெண்டு இருந்தது. அது இங்கிலாந்தில போட்டது. அதுக்கும் கீழ தும்பு, தும்புக்குள்ள எலிக்கூடு, எலிக்கூட்டுக்குள்ள உமி, அதுவும் ஒரு கை ரண்டு கை இல்லை. மாமி அந்த நேரம் ஃபோன் எடுத்து என்ன நிலைமை எண்டு கேட்க நான் உமியைப் பற்றிச் சொல்லேல்லை. மண்ணெண்ணெய் மணமும் அப்பிடியே தும்புக்குள்ள கிடந்தது, இத்தனை வரியத்துக்குப் பிறகும்.

வெளிநாட்டில பழைய கார் ஆக்களுக்கு 'ஒறிஜினல்' எண்டா கம்பனி போட்ட நிறம், கம்பனி போட்ட தோல். நான் அவையைக் குறை சொல்லேல்லை, அவையின்ர கார் கராஜுக்குள்ள நிண்டது. எங்கட கார் தரப்பாளில ஓடினது. கம்பனித் தோலைத் திருப்பிப் போட்டா மட்டும் அந்தக் கார் பழையபடி வந்திடும் எண்டு எனக்குப் படேல்லை. நல்லாத் தைச்ச றெக்சின் போதும், பாக்க அந்தக் காலத்து மாதிரி இருந்தாச் சரி.

இனி வேலைக்கு வருவம். காசு மிச்சம் பிடிக்கிற இடம் மேல் கவர் இல்லை, உள்ளுக்குத்தான். ஸ்பிறிங் துருப்பிடிச்சிருந்தது ஆனா ரண்டே ரண்டுதான் முறிஞ்சது, அதை கராஜில வெல்ட் பிடிச்சு, மற்றதை கம்பி பிறஷால உரசி பெயின்ற் அடிச்சாச்சு. ஸ்பிறிங்குக்கு மேல சணல் சாக்கு விரிக்கவேணும், இல்லாட்டி ஸ்பிறிங் நேர பஞ்சை அறுக்கும். இப்ப அரிசி நெல்லு எல்லாம் நைலோன் பையில வாறதால நல்ல சணல் சாக்கு தேடுறதே ஒரு வேலையாப் போச்சு, கடைசியா பழைய நெல்லுக் களஞ்சியம் வச்சிருந்த ஒராளிட்ட கிடைச்சது. சாக்குக்கு மேல ஸ்பொஞ் போட வேண்டாம் எண்டு ஐயா நிண்டார். ஸ்பொஞ் எண்டா ரண்டு வரியத்தில அமர்ந்திடும், தும்பு காத்துப் போக விடும், வேர்க்காது எண்டார். உண்மைதான், வொக்ஸ்வாகன் பீற்றில் சீற்றுக்குள்ளயும் தும்புதானே போட்டவங்கள். இப்ப இலங்கையில இறப்பர் பால் அடிச்ச தும்பில மெத்தை செய்து விக்கினம், அதில ஒரு மெத்தை, கட்டில் சைஸ் பழையது, வீட்டிலயே கிடந்தது. அதை வெட்டி முன் சீற்றுக்கும் பின் சீற்றுக்கும் போட்டாச்சு, முதுகுப் பக்கத்துக்கும் காணும். மேல மெல்லிசா அரை இஞ்சி ஸ்பொஞ் மட்டும், வரித் தையலுக்கு.

றெக்சின்தான் அடுத்தது. இது 54 இஞ்சி அகலத்தில யார் கணக்கில வரும், முன்னும் பின்னும் சேத்து எட்டு ஒன்பது யார் வேணும், கதவுப் பலகையும் செய்யிறதெண்டா அதுக்கு மேல. கிளிநொச்சியில இருக்கிற நிறங்கள் ஓட்டோக்காரர் கேட்கிற நிறங்கள், கடும் நீலம், மஞ்சள், புலித்தோல் கோடு கூட இருக்கு. கபில நிறம் கொழும்பில புறக்கோட்டையில இருந்து இரவு பஸ்ஸில பார்சலா எடுப்பிச்சது. வாங்கேக்க ரண்டு விசயம் பாக்கச் சொன்னார். ஒண்டு, ஒரு மூலையை மடிச்சு நகத்தால அழுத்தி விரிச்சுப் பாக்கிறது, வெள்ளைக் கோடு நிண்டா வேண்டாம், அது ஒரு வெயிலுக்கே வெடிக்கும். மற்றது பின்பக்கத் துணி, பின்னல் துணியா இருந்தா இழுபடும், வளைவுகளில சுருக்கமில்லாம இருக்கும், நெய்த துணி எண்டா இழுபடாது, கதவுக்குச் சரி சீற்றுக்குச் சரியில்லை. கறுப்பு வாங்காதேங்கோ, எவ்வளவு வடிவா இருந்தாலும். மத்தியானம் ஒரு மணிக்கு வெயிலுக்க நிண்ட கறுப்பு றெக்சினில சாரம் கட்டிக்கொண்டு இருந்து பாத்தவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெக்கைதான் றெக்சினுக்கும் எதிரி, அதை மெத்தெண்டு வச்சிருக்கிற எண்ணெய்ப் பசை வெயிலில ஆவியாப் போகப் போகத்தான் அது விறைச்சு வெடிக்கிறது.

ஐயா வெட்டினதை நான் பக்கத்தில இருந்து பாத்தனான். பழைய கவரை பிளேட்டால தையல் தையலா அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால சோக்கால நம்பர், நடுக்கோடு ஒண்டு, பக்கத்துத் துண்டோட சேருற இடத்தில சின்ன வெட்டு. பிறகு எல்லாத்தையும் றெக்சினுக்கு மேல விரிச்சு, இழுபட்டு நீண்ட இடத்தை கண்ணால பாத்துக் குறைச்சு, சுத்திவர அரை இஞ்சி விட்டு வெட்டினார். ஒரு துண்டை ரண்டு தரம் நகர்த்தி வச்சு ஒரு முழம் மிச்சம் பிடிச்சார், அந்த மிச்சத்திலதான் கதவுக்குக் கைபிடி வார் வந்தது. தையல் நெருக்கமாப் போட்டா பலம் எண்டு நாங்கள் நினைப்பம், றெக்சினுக்கு அது மறுபக்கம். ஊசி ஓட்டை நெருங்கினா முத்திரை கிழியிற மாதிரி நேர் கோட்டில கிழியும், அதால நீட்டுத் தையல், நைலோன் நூல். பருத்தி நூல் வேர்வைக்கு உக்கிப் போகும். ஓரத்துக்கு பைப்பிங், அதான் உருண்டையா நிக்கிற கரை, வைக்க உள்ளுக்கு மெல்லிய நைலோன் கயிறு. அந்தக் காலத்துச் சீற்றில மேலிருந்து கீழ வரி வரியா இருக்குமே, அந்த வரியை பழைய தோல் துண்டில இருந்த ஊசி ஓட்டையை எண்ணி அதே இடைவெளியில போட்டார். நான் சொல்லேல்லை, அவராத்தான் போட்டவர்.

கவரை சட்டத்துக்கு இழுத்துப் பூட்டுறதுக்கு முதல் ஒரு மணித்தியாலம் வெயிலில போட்டு வைக்கச் சொன்னார். சூடேறின றெக்சின் இளகும், இழுக்க வரும், பேந்து குளிர விறைச்சு இறுக்கமா நிக்கும். வெளிநாட்டில இதுக்கு சூட்டுக் காத்து அடிக்கிற மெசின் பிடிக்கிறவை, எங்களுக்கு சூரியன் சும்மா கிடக்கு. சட்டத்தோட கட்டுறதுக்கு கட்டிட வேலைக் கட்டுக்கம்பி பாவிக்க விடாதேங்கோ, அது துருப்பிடிச்சு றெக்சினில கறை ஏறும், துத்தநாகம் பூசின கம்பி கேட்டு வாங்குங்கோ, காசு வித்தியாசம் ஒண்டும் பெரிசில்லை.

மொத்தச் செலவு, றெக்சின், பஸ் பார்சல், கூலி, வெல்டிங் எல்லாம் சேத்து, யாழ்ப்பாணத்தில கேட்ட விலையில பாதிக்கும் கீழ வந்தது. ஐயா கேட்ட கூலி எனக்கே குறைவாப் பட்டு மேல வச்சுக் குடுத்தன், முதல் வாங்கேல்லை, பிறகு கலியாணத்துக்கு ஓடேக்க பின் சீற்றில ஒருக்கா ஏத்திக்கொண்டு போம் எண்டு சொல்லி வாங்கினார். மாமா வந்து பாத்திட்டு நல்லா இருக்கு எண்டவர், அடுத்த நாளே பிளாஸ்ரிக் உறை ஒண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டார், அழுக்குப் படாம மேல போட. மாமா, அதை மூடினா வெக்கைக்கு உள்ளுக்கு அவிஞ்சு றெக்சின் கெதியா பழுதாகும் எண்டு எவ்வளவோ சொன்னன். "தம்பி, நான் ஹயர் ஓடின ஆள்" எண்டார். இப்ப ஓட்டம் இல்லாத நாளில உறையோட நிக்குது, கலியாணத்துக்கு எடுக்கேக்க நான் கழட்டுறன், வந்தவுடன அவர் போடுறார்.

மொறிஸ் மைனர் வச்சிருக்கிற ஆக்களுக்கும் இதே வழி சரிவரும், முன் சீற் ரண்டு தனித்தனி எண்டதால கொஞ்சம் தையல் கூட, சில மொடலில ஸ்பிறிங்குக்குப் பதிலா இறப்பர் வலை மாதிரி ஒண்டு கொழுக்கியில தொங்கும், அது தளர்ந்திருந்தா மேல என்ன போட்டாலும் பள்ளமாத்தான் இருக்கும், முதல்ல அதை மாத்துங்கோ, கொழும்பு பஞ்சிகாவத்தையில வாகனச் சாமான் கடைகளில தேடினா கிடைக்கும், இல்லாட்டி பழைய ரியூப்பை வார் வாரா வெட்டிக் கட்டுற ஆக்களும் இருக்கினம். எதுவா இருந்தாலும் ஆவணி புரட்டாசிக்குள்ள கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ. மாரி துடங்கிச்செண்டா ஓட்டோக்காரர் எல்லாம் கிழிஞ்ச கூடாரத்தோட வரிசையில வந்து நிப்பினம், அவைக்கு அது அண்டாடச் சோறு, உங்கட சீற்றைத் தூக்கி மூலையில போட்டிட்டு ஐயா அவையைத்தான் முதல் பாப்பார்.